மேல் கடைவீதி ஜோடியைப் பிரித்துத் தரக் கோரி

அனுப்புநர்:
பா. இசக்கியம்மா (வயது 43),
க/பெ. பாண்டியராஜ்,
தண்ணீர்த் தொட்டிச் சந்து,
சோலைமட்டம், நீலகிரி மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
சோலைமட்டம்.

பொருள்: இரண்டாம் சீசனுக்கு வாகன நிறுத்தக் கண்காணிப்புப் பணியாளர்களை நியமித்தல் – ஆண், பெண் ஜோடிப் பணி முறை – மேல் கடைவீதி ஜோடியைப் பிரிக்க வேண்டுதல் மற்றும் பிற – தொடர்பாக.

பார்வை: இப்பணிக்கு ஆட்களை எவ்வாறு அமர்த்தலாம் எனப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டு நகராட்சி வாசலில் ஒட்டப்பட்டுள்ள அறிவிப்பு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மேல் கடைவீதியில் திரு. கமலேஷ் அவர்களின் கம்பளி ஆடைக் கடையில் பல வருடங்களாக விற்பனை வேலை பார்த்து வருகிறேன். எங்கள் கடைக் கண்ணாடிக்கு நேர் எதிரேதான் சர்ச் ஏற்றம் தொடங்குகிறது. தங்கள் வாகன நிறுத்தக் கண்காணிப்பாளர்கள் நாள் முழுவதும் நிற்பதும் அங்கேதான். ஆகவே இந்த வேலைக்கு யாரைப் போடலாம், எப்படிப் போடக்கூடாது என்று கருத்துச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு என்று நம்புகிறேன். அந்தக் கண்காணிப்பாளர்களில் ஒருவர் என் கணவர். பின்னால் வேறு யாராவது வந்து தங்களிடம் போட்டுக் கொடுப்பதற்கு முன் நானே சொல்லிவிடுவது மரியாதை என்பதால் முதல் பத்தியிலேயே சொல்லிவிட்டேன்.

2. முன்பு இந்த வேலையில் ஆண்கள் மட்டும் இருந்தார்கள். வண்டி ஓட்டி வரும் பெண்களிடம் தகராறு வருகிறது என்பதற்காக, இந்தக் கோடை சீசனில் இருந்து ஓர் ஆணுக்கு ஒரு பெண் என்று ஜோடி சேர்த்துப் போட்டீர்கள். முறையில் குற்றம் சொல்ல மாட்டேன். ஆளைத்தான் கொஞ்சம் யோசித்துப் போட்டிருக்கலாம். என் கணவருக்கு ஜோடியாக வந்தவர் செல்வி பிரிஸில்லா. வயது முப்பத்திரண்டு. திருமணம் ஆகவில்லை. மற்ற தெருக்களில் மாதம் ஒரு முறையாவது ஆள் மாறுகிறது. மேல் கடைவீதியில் மட்டும் சித்திரையில் நின்ற அதே இருவர்தான் ஆவணியிலும் நிற்கிறார்கள். இது பற்றி மேற்பார்வையாளர் திரு. சந்துரு அவர்களிடம் நான் வாய்மொழியாகக் கேட்டதற்கு, "ரெண்டு பேரும் நல்லா செட் ஆயிட்டாங்கம்மா, எதுக்கு மாத்தணும்?" என்று பதில் கூறினார். அந்தச் சொல்லை ஒரு மனைவியிடம் சொல்லலாமா என்று ஐயா அவர்களே முடிவு செய்யுங்கள்.

3. சமவெளியில் இருந்து தாங்கள் புதிதாக வந்திருப்பதால் இந்த ஏற்றத்தின் வேலையைப் பற்றிச் சொல்கிறேன். இங்கே ஒரு வண்டியை நிறுத்தினால் கை பிரேக்கை நம்பக்கூடாது, சக்கரத்துக்குக் கீழ்ப்பக்கம் ஒரு கல் வைக்க வேண்டும். உள்ளூர்க்காரர்கள் டிக்கியிலேயே கல் வைத்திருப்பார்கள். வெளியூர்க்காரர்களுக்குக் கண்காணிப்பாளர்தான் கல் கொண்டு ஓட வேண்டும். வண்டி கிளம்பிப் போனதும் அவர்கள் விட்டுப்போன கல்லைப் பொறுக்கி ஓரம் போடுவதும் அவர் வேலையே. இல்லாவிட்டால் இரு சக்கர வாகனம் ஏறிக் கவிழும். ஒருவர் மேல் வளைவில், ஒருவர் அடிவாரத்தில். மூடுபனி இறங்கிவிட்டால் இருவருக்கும் நடுவில் ஒன்றுமே தெரியாது. அதனால் விசில் அடித்துத்தான் பேசிக்கொள்வார்கள். நீளமாக ஒன்று அடித்தால் வண்டி ரிவர்ஸ் வருகிறது. குட்டையாக இரண்டு அடித்தால் கல் கொண்டு வா. குட்டை, நீளம், குட்டை என்றால் டீக்குப் போகலாமா. இதை எனக்கு யாரும் கற்பிக்கவில்லை. கடைக்குள் ஸ்வெட்டர் மடித்துக்கொண்டே காதைத் தீட்டி வைத்துக் கேட்டதில் பிடிபட்டது.

4. என் வேதனை இங்கேதான் தொடங்குகிறது. என் கணவர் வீட்டில் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத மனிதர். "ஏனுங்க, பால் பொங்குது, அடுப்பை அணைங்க" என்று நான் சமையலறையில் இருந்து தொண்டை கிழியக் கத்தினாலும், பால் வழிந்து அடுப்பு தானாகவே அணைந்த பிறகுதான் "என்ன?" என்பார். அதே மனிதர், அந்த அம்மாள் கீழே இருந்து இரண்டு முறை ஊதினால், கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு அந்த ஏற்றத்தில் இளவட்டம் போல இறங்கி ஓடுகிறார். நாற்பத்தெட்டு வயதில் முட்டிவலி என்று சொல்லி ரேஷன் கடைக்குப் போக மறுப்பவர் அவர். இதை நான் நேரில் பார்த்ததைவிட மூடுபனியில் காதால் கேட்டதுதான் அதிகம். பார்ப்பதைவிடக் கேட்பது கொடுமை. அவர் ஊதுவார், இவர் பதில் ஊதுவார். நடுவில் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. அந்தச் சத்தமில்லாத நேரத்தில் நான் எத்தனை வாடிக்கையாளர்களுக்கு அளவு மாற்றிக் கொடுத்திருக்கிறேன் என்று கடை முதலாளியைக் கேட்டால் சொல்வார்.

5. மேலும், மழைக்காலத்துக்கு நகராட்சி வழங்கியது ஜோடிக்கு ஒரு குடை. எந்த அதிகாரி கணக்குப் போட்டார் என்று தெரியவில்லை. ஆளுக்கொரு குடை கொடுத்தால் நகராட்சி மூழ்கிவிடாது. மழை வலுத்து இருவரும் ஒரே குடையில் ஒதுங்கும்போது இருவரில் ஒருவருடைய தோள் நனையும். எப்போதும் நனைந்து வருவது என் கணவரின் இடது தோள்தான். அந்தச் சட்டையைத் துவைத்து அடுப்பு மேல் காயப் போடுபவள் நான்.

6. இது போதாதென்று பேருந்து நிலையத்தின் வாசலில் தாங்கள் வைத்திருக்கும் பிளெக்ஸ் பலகை. மூடுபனியில் ஒரு குடைக்குள் என் கணவரும் செல்வி பிரிஸில்லாவும் நிற்க, கீழே "உங்களுக்காக நாங்கள் இணைந்து நிற்கிறோம்" என்று எழுதியிருக்கிறது. அதில் என் கணவர் பல் தெரியச் சிரிக்கிறார். எங்கள் கல்யாண ஆல்பம் முழுவதையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். ஒரு படத்திலும் அவர் சிரிக்கவில்லை. வெளியூரில் இருந்து வந்த ஒரு அம்மாள் எங்கள் கடையில் சால்வை எடுத்துக்கொண்டே, "போர்டுல இருக்கறவங்க புருஷன் பொண்டாட்டிங்களா? பொருத்தமா இருக்காங்க" என்று கேட்டார். எங்கள் முதலாளி, வியாபாரம் கெடக்கூடாதே என்று, "ஆமாங்க" என்று சொல்லிவிட்டார். நான் அந்தச் சால்வையைப் பொதிந்து கொடுத்தேன். நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள். எங்கள் ஊரில் நெருப்பே இல்லாமல் வருடத்தில் பாதி நாள் புகைமூட்டமாகத்தான் இருக்கும், அதனால் நான் யாரையும் குற்றம் சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிகிறது என்பதை மட்டும் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டு வருகிறேன்.

7. அறிவிப்பில் கேட்ட கருத்து: இந்த வேலைக்குப் பெண்களைப் போடும்போது ஐம்பது வயதுக்கு மேற்பட்ட, பேரன் பேத்தி எடுத்தவர்களாகப் பார்த்துப் போடலாம். அவர்களுக்குப் பொறுமை அதிகம். தலையில் மஃப்ளர் கட்டிக்கொள்ளும் பழக்கமும் இருக்கும். கோயம்புத்தூரில் இருந்து கம்பெனி மூலம் பையன்களை இறக்கப் போவதாகவும் ஒரு பேச்சு அடிபடுகிறது. அவர்கள் குளிருக்கு மூன்றாம் நாளே ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள், கல்லை எந்தப் பக்கம் வைப்பது என்றும் தெரியாது. இந்தப் பத்தியின் முதல் பாதியைப் பொறாமையில் எழுதினேன். இரண்டாம் பாதி உண்மை. பேனாவால் எழுதிவிட்டதால் அழிக்க முடியவில்லை. தாங்களே பிரித்துப் படித்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

8. இனி நடந்த ஒரு சம்பவம். ஆடி இரண்டாம் வெள்ளியன்று அடிவாரத்து மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். வரிசை, கோயில் வாசலைத் தாண்டி ஏற்றத்தின் அடிவரைக்கும் நின்றது. காலை பதினொரு மணிக்கே மூடுபனி இறங்கிவிட்டது. அப்போது மேற்பார்வையாளர் திரு. சந்துரு ஜீப்பில் வந்து, தமக்குத் தெரிந்த யாரோ விருந்தினர்கள் பங்களாவுக்கு வருகிறார்கள், வண்டிகளை ஒழுங்காக நிறுத்த ஆள் வேண்டும் என்று என் கணவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். அந்த ஏற்றத்தில், அந்தப் பனியில், கூட்டத்துக்கு மேலே, செல்வி பிரிஸில்லா தனியாக நின்றார்.

9. சிறிது நேரத்தில் விசில் கேட்டது. குட்டையாக இரண்டு. பதில் வரவில்லை. மறுபடியும் இரண்டு. அதற்கும் பதில் இல்லை. ஐயா, மறைக்க விரும்பவில்லை. எனக்கு அப்போது சந்தோஷமாக இருந்தது. ஊதட்டும், நன்றாக ஊதட்டும், வராவிட்டால் எப்படி இருக்கும் என்று தெரியட்டும் என்று நினைத்துக்கொண்டு கையுறைகளை அடுக்கினேன். மூன்றாவது முறை வந்த விசில் நீளமாக வந்தது, நிற்கவே இல்லை. வண்டி பின்னால் உருள்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. கடைவாசலில் தள்ளுபடிப் பலகை காற்றில் விழாமல் இருக்க அண்டக் கொடுத்திருந்த கருங்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வெளியூர் டெம்போ வேன் ஒன்று. டிரைவர் டீ குடிக்கப் போயிருந்தார், உள்ளே வயதானவர்கள் உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு பின் சக்கரத்துக்கு அந்த அம்மாள் கல் கொடுத்திருந்தார். ஈரத்தில் அது வழுக்கி, வண்டி கோணலாகத் திரும்பிக்கொண்டு இறங்கியது. இந்தப் பக்கச் சக்கரத்துக்கு அடியில் நான் கல்லைத் தள்ளினேன். ஏறப் பார்த்து, ஏறாமல் நின்றது.

10. வண்டிக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். கல் சத்தம் கேட்டு, வந்தது என் கணவர் என்று நினைத்து அந்த அம்மாள் பேசியதை அப்படியே எழுதுகிறேன்: "எங்கண்ணா போய்த் தொலைஞ்சீங்க? உசுரு போகப் பாத்துச்சு. சும்மா நிக்காம இன்னொரு கல்லு கொண்டாங்க." அண்ணா என்பது பஸ் கண்டக்டரையும் கூப்பிடும் சொல்தான், அதற்காக நான் மயங்கிவிடவில்லை. அந்தக் குரல்தான் என்னைத் திகைக்க வைத்தது. எவ்வளவு சொன்னாலும் உறைக்காத ஆளிடம் பேசிப் பேசிச் சலித்த குரல் அது. நான் வீட்டில் அவரிடம் பேசும் அதே குரல். அதில் காதலின் சாயல்கூட இல்லை. ஆனால் அது என் குரலாகவே இருந்ததால் முழு நிம்மதியும் கிடைக்கவில்லை.

11. இன்னொரு கல்லும் நானே கொண்டு வந்து வைத்தேன். வண்டியைச் சுற்றி வந்து என்னைப் பார்த்த செல்வி பிரிஸில்லா, பையில் இருந்த இன்னொரு விசிலை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்து என்னிடம் கொடுத்து, "மேல போய் நில்லுங்கக்கா, வர்ற வண்டிய நிறுத்துங்க" என்றார். நான் போய் நின்றேன். கூழ் ஊற்றி முடியும் வரைக்கும் அந்த ஏற்றத்தைப் பெண்கள் நாங்கள் இருவருமே பார்த்துக்கொண்டோம். ஒரு ஜீப்காரர் என்னை "மேடம்" என்று கூப்பிட்டு எங்கே நிறுத்துவது என்று கேட்டார். நான் சொன்ன இடத்தில் நிறுத்தினார். கடையில் யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை. ஸ்வெட்டரில் வேறு கலர் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

12. ஒரு காருக்குக் கல் தேவைப்பட்டது. இரண்டு குட்டை விசில் ஊதினேன். கீழே இருந்து அந்த அம்மாள் வருவார் என்று பார்த்தால், மேல் பக்கத்தில் இருந்து என் கணவர் ஓடி வந்தார். ஜீப் அப்போதுதான் அவரை வளைவில் இறக்கிவிட்டுப் போயிருக்கிறது. பனிக்குள் இருந்து, இரண்டு கையிலும் கல்லை அணைத்துக்கொண்டு, மூச்சிரைக்க, என்னை நோக்கி ஓடி வந்தார் ஐயா. எங்களுக்குக் கல்யாணமாகி இருபது வருடங்களுக்கு மேல் ஆகிறது. அவர் என்னை நோக்கி ஓடி வந்து நான் பார்த்ததில்லை. பக்கத்தில் வந்து நான்தான் என்று தெரிந்ததும் அப்படியே நின்றார். "நீ இங்க என்ன பண்ற?" என்றார். பிறகு "எந்த வண்டி?" என்று கேட்டார். காட்டினேன். கல்லை வைத்தார். யார் ஊதினாலும் அவர் இப்படித்தான் ஓடுவார் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். என் வயிற்றெரிச்சல் அன்றோடு தீர்ந்துவிட்டது என்று எழுதினால் பொய் மனு ஆகிவிடும். அது இடமாற்றம் பெற்றது, அவ்வளவுதான். அந்த அம்மாளுக்கு என் கணவர் கிடைத்திருக்கிறார் என்று எரிந்தது போய், அந்த அம்மாளுக்கு அந்த வேலை கிடைத்திருக்கிறது என்று எரிய ஆரம்பித்தது. இது முன்னதைவிட மோசம். முன்னதையாவது பக்கத்து வீட்டில் சொல்லி அழலாம்.

13. இதன் பிறகு நடந்ததுதான் இந்த மனுவை எழுத வைத்தது. சுதந்திர தின விழாவில், வேன் விபத்தைத் தடுத்ததற்காக என் கணவருக்கும் செல்வி பிரிஸில்லாவுக்கும் சேர்த்து ஒரே பாராட்டுச் சான்றிதழைத் தாங்கள் தங்கள் கையாலேயே வழங்கினீர்கள். அந்த வேன் உருண்ட நேரத்தில் என் கணவர் பங்களா வாசலில் விருந்தினர்களின் கார் கதவைத் திறந்துகொண்டிருந்தார். இது தங்களுக்குத் தெரியாது, அதனால் தங்கள் மீது எனக்குக் குறையில்லை. ஆளை வேறு வேலைக்கு அழைத்துப் போனது வெளியே தெரிந்துவிடும் என்பதால் மேற்பார்வையாளர் கதையை மாற்றிவிட்டார். ஒப்பந்தப் பணியாளரான என் கணவரும் வேலைக்குப் பயந்து வாயைத் திறக்கவில்லை. சான்றிதழை என் கணவர் கண்ணாடிச் சட்டம் போட்டு எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறார். நான் தினமும் அதன் கீழே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன். என் கணவர் பெயரும் இன்னொரு பெண்ணின் பெயரும் சேர்த்து அச்சடித்த தாள், நான் செய்த காரியத்துக்காக, நான் ஒட்டடை அடிக்கும் சுவரில் தொங்குகிறது. இதற்கு மேல் ஒருத்தி எப்படிப் பொறுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

14. செல்வி பிரிஸில்லாவைப் பற்றியும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். விழா முடிந்த மறுநாள் ஒரு பொட்டலம் வர்க்கியோடு கடைக்கு வந்தார். "அக்கா, உங்க பேரத்தான் எழுதிக் குடுத்தேன். சூப்பர்வைசர் சார் அடிச்சுட்டாரு. நிஜத்தச் சொன்னா அண்ணனுக்கு வேலை போயிரும்னாரு. நானும் பேசாம வாங்கிக்கிட்டேன், மனசே சரியில்ல" என்று கண் கலங்கினார். அந்த அம்மாள் நல்லவராகவும் இருப்பது எனக்குப் பெரிய இடைஞ்சலாக இருக்கிறது. கெட்டவராக இருந்திருந்தால் இந்த மனு ஒரு பக்கத்தில் முடிந்திருக்கும்.

15. ஆகவே ஐயா அவர்கள் பின்வருவனவற்றைக் கருணையோடு பரிசீலிக்க வேண்டும். மூடுபனி நேரத்தில் அந்த ஏற்றத்தில் ஓர் ஆளைத் தனியே விடக்கூடாது. பணியில் இருப்பவரை எந்த விருந்தினருக்காகவும் எடுத்துப் போகக்கூடாது. ஜோடிகளை மாதம் ஒரு முறை, எல்லாத் தெருவிலும் ஒன்றுபோல மாற்ற வேண்டும். ஆளுக்கொரு குடை தர வேண்டும். கம்பெனியை விட்டுவிட்டு, அந்தந்தத் தெருவில் வேலை செய்து அதன் மேடு பள்ளம் தெரிந்தவர்களுக்கு முதலிடம் கொடுக்க வேண்டும். பேருந்து நிலையப் பலகையை எடுத்துவிட வேண்டும், அல்லது என் கணவர் சிரிக்காத படமாகப் பார்த்து மாற்ற வேண்டும். இந்த மனு என் கணவருக்குத் தெரியாது. இதை வைத்து அவர் மீதோ செல்வி பிரிஸில்லா மீதோ நடவடிக்கை எதுவும் எடுத்துவிடாதீர்கள். அவர் வேலை போனால் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. சொன்னது தவறு என்றால் என்னைக் கூப்பிட்டுக் கேளுங்கள், எந்த வேலை நாளிலும் வருகிறேன்.

16. அறிவிப்பின் கடைசியில், இரண்டாம் சீசனுக்குப் பெண் கண்காணிப்பாளர் பணியிடங்கள் காலியாக உள்ளதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அதில் ஒன்றை எனக்குத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். பத்தாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். குளிர், மழை, கோபக்கார டிரைவர்கள் யாரும் எனக்குப் புதிதல்ல, பேரம் பேசும் சுற்றுலாப் பயணிகளோடு பாதி ஆயுளைக் கழித்தவள் நான். வேலை கொடுத்தால், கணவன் மனைவிதானே என்று இரக்கப்பட்டு எங்களை ஜோடியாகப் போட்டுவிடாதீர்கள். வீட்டில் பார்க்கிற முகத்தையே வீதியிலும் பார்த்தால் இரண்டும் உருப்படாது. ஆண், பெண் ஜோடி முறைக்கு விலக்குக் கொடுத்து, என்னைச் செல்வி பிரிஸில்லாவோடு சேர்த்துப் போடுங்கள். இந்த ஊரில் என்னை நம்பி ஒரு வேலையைக் கையில் கொடுத்த முதல் ஆள் அவர்தான். என் கணவருக்கு மார்க்கெட் தெருவில் நிற்கும் கண்காணிப்பாளர் திரு. வேலன் நல்ல துணையாக இருப்பார். அந்த அம்மாளை என் கணவரிடமிருந்து பிரிப்பதற்காகத்தான் இந்த வேலையைக் கேட்கிறேனோ என்று ஐயா அவர்களுக்குத் தோன்றலாம். அதற்காகவும்தான் கேட்கிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
பா. இசக்கியம்மா

இடம்: சோலைமட்டம்
நாள்: 25.08.2025